யாரும் திருப்பிக் கேட்காத பாத்திரம்

அத்தியாயம் ஒன்பது

சமையல் மேடையின் மூலையில் ஒரே ஒரு கண்ணாடிப் பாத்திரம் மிச்சம் இருந்தது. நீள்சதுரமானது, ஓரத்தில் நீலப் பூ. பளபளவென்று கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு இந்த வீட்டுக்காரர் ஹோமர் ப்ளெட்சோவின் வேலை போகப் போகிறது. அதைத் தடுக்க எனக்குக் கிடைத்த ஒரே துப்பு இந்தப் பாத்திரம்தான்.

"பாஸ், துப்பு காலியா இருக்கு," என்றான் லானி, பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்து.

லானி பாஸ்கோ என் உதவியாளன். பதினெட்டு வருடம் வீடு வீடாக பீட்சா கொண்டுபோய்க் கொடுத்தவன். ஹாலோவே நகரத்தில் அவனுக்குத் தெரியாத வாசல் கிடையாது. நான் ரோவீனா நெமெத். முன்பு காப்பீட்டுக் கம்பெனிக்குத் துப்பறிந்தேன், இப்போது யார் கூப்பிட்டாலும் துப்பறிகிறேன். இந்தத் தடவை கூப்பிட்டது நூலக ஊழியர்களின் யூனியன்.

ஹோமர் கூப்பிடவில்லை. அதை அவர் முகமே சொன்னது. தப்பான வீட்டுக்கு வந்துவிட்ட விருந்தாளிகளிடம் பேசுவதுபோல மரியாதையாக, கொஞ்சம் தள்ளி நின்று பேசினார். அறுபத்தோரு வயது. நூலகக் கட்டடத்தை இருபத்தாறு வருடமாகப் பராமரிப்பவர். ஜனவரி கடைசியில் முட்டி ஆபரேஷன். அது சீழ் வைத்து இரண்டாம் முறை வெட்டினார்கள். இப்போதும் கைத்தடியோடுதான் நடக்கிறார்.

நான் பையிலிருந்து அந்தச் சோதனைச் சான்றிதழின் நகலை எடுத்து மேஜையில் வைத்தேன். 'நூலகக் கட்டடத்தின் எல்லாத் தளங்களையும் இன்று நேரில் சோதித்தேன். யாவும் பயன்படுத்தும் நிலையில் உள்ளன. மார்ச் 14.' கீழே ஹோமரின் பெயர் உருண்டை உருண்டையான எழுத்தில் இருந்தது.

"இது உங்க கையெழுத்தா?"

"என்னுதுதான்."

"எங்க வச்சு போட்டீங்க? யாரு கொண்டு வந்தா?"

"ஞாபகம் இல்ல மேடம். வலி மாத்திரை."

"மார்ச் பதினாலு நீங்க வேலைக்குப் போனீங்களா, இல்ல இங்க படுத்திருந்தீங்களா?"

"ஞாபகம் இல்ல."

லானி என்னைப் பார்த்தான். "சார், அந்த மாத்திரை பேரு சொல்லுங்க. என் முதல் கல்யாணத்த மறக்கணும்."

ஹோமர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு நின்று ஐந்து மாதம் ஆகிறது. அழுகையும் அப்போதே நின்றுவிட்டது. என் கணவர் கஸ் நவம்பரில் இறந்தார். அன்றிலிருந்து உள்ளுக்குள் ஊசி போட்ட பல் ஈறு மாதிரி இருக்கிறது. கடித்தாலும் தெரிவதில்லை.

அந்த நவம்பரில்தான் எனக்குப் பாத்திரங்களைப் பற்றித் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தாலும் சரி, ஆபரேஷன் நடந்தாலும் சரி, ஊர் சோறு கொண்டு வரும். ஓவனில் வேகவைத்த நூடுல்ஸ், உருளைக்கிழங்கு, கறி. எல்லாம் கண்ணாடிப் பாத்திரத்தில் வரும், பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டிச் சொந்தக்காரர் பெயர் எழுதியிருக்கும். சாப்பிட்டுவிட்டுக் கழுவி வைக்க வேண்டும். இரண்டு வாரத்தில் ஒவ்வொருத்தராக வந்து, "எப்படிம்மா இருக்க?" என்று கேட்டுவிட்டுப் பாத்திரத்தை வாங்கிப் போவார்கள். என் வீட்டுக்குப் பதினொன்று வந்தது, பதினொன்றும் திரும்பிப் போனது. இந்த ஊரில் துக்கத்தை மறப்பார்கள், பாத்திரத்தை மறக்க மாட்டார்கள்.

ஹோமரின் வீட்டுக்குப் பன்னிரண்டு வந்ததாம். ஒன்று மட்டும் போகவில்லை. நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் டேப்பை உரித்த பசை மட்டும் சதுரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது யாரோடது?"

பதில் பின்னாலிருந்து வந்தது. ஹோமரின் மனைவி இமோஜீன் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு மெதுவாக வந்தாள். அவளுக்கு நரம்பு நோய். மாதம் ஒருமுறை கிளினிக்கில் மருந்து ஏற்றினால்தான் அந்த நடையும். ஒரு தடவை ஏற்றும் மருந்தின் விலை ஹோமரின் மூன்று மாதச் சம்பளம். ஹோமரின் வேலையோடு வரும் காப்பீடுதான் அதைக் கட்டுகிறது. நாளை போகப் போவது வெறும் வேலை இல்லை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"யாரோ வாசல்ல வச்சுட்டுப் போயிட்டாங்கம்மா," என்றாள். "பெல் அடிச்சாங்க. நான் நடந்து போறதுக்குள்ள ஆளக் காணோம்."

"எப்ப?"

"தேதியெல்லாம் யாரு பாத்தா?"

அவள் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுக்கப் போனாள். ஹோமர் அவள் பின்னால் கதவைச் சாத்தப் போனார். அந்த அரை நிமிடத்தில் லானி ஐஸ் எடுக்கிற சாக்கில் ஃபிரீசரைத் திறந்தான்.

"பாஸ். இங்க ஒருத்தங்க தேதி பாத்திருக்காங்க."

ஃபிரீசருக்குள் மீந்த சாப்பாடெல்லாம் சின்னச் சின்ன டப்பாக்களில் அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் டேப். 'பட்டாணி சூப், பிப். 3.' 'கோழி, பிப். 6.' எல்லாமே பிப்ரவரி. கடைசி வரிசையில் ஒன்றே ஒன்று: 'நூடுல்ஸ், மார்ச் 14.'

"முதல் ஆபரேஷனுக்குத்தான் பாஸ் ஊரே சோறு போடும். ரெண்டாவது வாட்டி வெட்டினா, அடப்பாவமேன்னு சொல்லிட்டு டிவி பாப்பாங்க. மார்ச்ல வந்தது ஒரே ஒரு பாத்திரம். அதுவும் எந்த நாள்ல?"

ஹோமர் திரும்பி வந்தபோது லானி அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சார், மத்தியானத்துலேர்ந்து சாப்பிடல. இத எடுத்துக்கவா?"

"எடுத்துக்கங்க," என்றார் ஹோமர். பசி என்று வந்தவனை அந்த மனிதரால் வெறும் கையோடு அனுப்ப முடியாது. நான் கண்ணாடிப் பாத்திரத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

காரில் லானி அந்த நூடுல்ஸை ஹீட்டர் காற்றில் காட்டி இளக்கிக்கொண்டிருந்தான். நான் நூலகத்தின் வழியாக ஓட்டினேன். மேல்தளம் திறந்திருந்தது. கீழ்த்தளத்துக்கு இறங்கும் படியில் மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். போன வாரம் அந்த நாடாவுக்குக் கீழே புகுந்து பார்த்தோம். குழந்தைகள் பிரிவு முழங்கால் உயரத்துக்கு ஊறிப்போய் நாறியது. குழாய் வெடித்தது மார்ச் பதினான்குக்கும் பதினெட்டுக்கும் நடுவில், கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலனை ஹோமர் கவனிக்காமல் குழாய் உறைந்ததால் என்பது நகராட்சியின் கதை. ஆனால் சுவரில் காகித இதயங்கள் தொங்கின. ஒவ்வொரு பண்டிகைக்கும் சுவரை மாற்றுகிற ஊர் இது. மார்ச் பண்டிகைக்குப் பச்சை இலை தொங்க வேண்டும். இதயம் என்றால் காதலர் தினம், அதாவது பிப்ரவரி. பிப்ரவரிக்குப் பிறகு யாருமே அந்த அறைக்குள் போகவில்லை.

"எனக்கு ஒண்ணு விளங்கல பாஸ். பிப்ரவரியில தண்ணி வந்தா பிப்ரவரியிலயே சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்கு கீழ 'புத்தகக் கணக்கெடுப்பு'ன்னு போர்டு மாட்டி ஒரு மாசம் மறைக்கணும்?"

"மார்ச் பதினாலு நகராட்சி லைப்ரரிய, தானே ஏற்படுத்தின ஒரு வாரியத்துக்குக் குத்தகைக்கு விட்டுச்சு. ஒரு டாலருக்கு."

"சரி."

"அதே நாள், அதே லைப்ரரிய வாரியத்துக்கிட்டேர்ந்து திருப்பி வாடகைக்கு எடுத்துச்சு. வருஷத்துக்கு முப்பது லட்சம் டாலர். இருபது வருஷத்துக்கு."

லானி மென்றுகொண்டே யோசித்தான். "அதாவது என் வீட்ட என் மச்சானுக்கு ஒரு டாலருக்குக் குடுத்துட்டு, என் கட்டில்ல நான் படுக்கறதுக்கு மச்சானுக்கு நானே வாடகை கட்டறேன்."

"மச்சான் அந்த வாடகையக் காட்டி வெளில கடன் பத்திரம் விப்பான். அந்தப் பணத்துலதான் ஆத்தோரத்துல பழைய அடுப்பு ஃபாக்டரிய இடிச்சுட்டு ஓட்டல், பேஸ்பால் மைதானம் எல்லாம்."

"ஏன், ஊரே நேரா போய்க் கடன் வாங்கினா கௌரவக் குறைச்சலா?"

"ஊர் எவ்வளவு கடன் வாங்கலாம்னு சட்டத்துல எல்லை இருக்கு. எவ்வளவு வாடகை குடுக்கலாம்னு இல்ல."

"அட! இத யோசிச்சவன் எங்க ஸ்கூல்ல படிச்சிருக்க மாட்டான்."

"எல்லா ஊரும் செய்யறதுதான். தப்பு இல்ல. ஒரே ஒரு நிபந்தனை. புழங்க முடியாத கட்டடத்துக்கு வாடகை குடுக்கக் கூடாது. கட்டடம் கெட்டா வாடகை நிக்கும். வாடகை நின்னா பத்திரத்த எவனும் தொட மாட்டான். அதனால கையெழுத்தாகற அன்னைக்கு கட்டடம் நல்லா இருக்குன்னு ஒரு காயிதம் வேணும். கட்டடத்தப் பாத்துக்கற ஆள் கையெழுத்தோட."

"அது இருந்தா ரெண்டு மாங்கா. பத்திரமும் வித்தாச்சு, அப்புறம் தண்ணி வெளில தெரிஞ்சதும் பழியும் ஹோமர் தலைல." லானி கரண்டியை நிறுத்தினான். ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடி மென்றான். மறுபடி ஒரு வாய். "பாஸ். புளிச்ச முட்டைக்கோஸ். சோம்பு மாதிரி ஒரு விதை. மேல கார்ன்ஃப்ளேக்ஸ் நொறுக்கிப் போட்டிருக்கு."

"சரி?"

"இத நான் முன்னாடியே தின்னுருக்கேன்." அவன் குரல் இறங்கிவிட்டது. "உங்க வீட்ல. நவம்பர்ல."

கஸ்ஸின் சாவுக்கு வந்த பதினொரு பாத்திரத்தில் நான் ஒன்றையும் தொடவில்லை. எல்லாவற்றையும் சாப்பிட்டவன் லானி. நான் செய்ததெல்லாம் யார் எதைக் கொண்டு வந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதியதுதான். நன்றிக் கடிதம் போட வேண்டுமே. தாளும், வாங்கி வைத்த பதினொரு வெற்று அட்டைகளும், தபால் தலைகளும் அப்படியே கார் டாஷ்போர்டுக்குள் கிடந்தன. ஐந்து மாதமாக அந்தக் கதவை நான் திறக்கவில்லை.

லானி திறந்தான். அட்டைகளைப் பார்த்தான். வாயில் ஒரு நக்கல் வந்து நின்றதும், அதை அவன் விழுங்கியதும் எனக்குத் தெரிந்தது. தாளை மட்டும் உருவிப் படித்தான்.

"ஆறாவது வரி. 'கோஸ் நூடுல்ஸ், வில்மா ஷ்ரேடர்.'" விசில் அடித்தான். "எங்க சமையல் டீச்சர்! பாஸ், இந்த அம்மாதானே இப்ப அந்த வாரியத்துக்குத் தலைவி?"

"ஆமா."

"அப்போ மச்சான் கிடைச்சுட்டான்."

வில்மா ஷ்ரேடருக்கு எழுபத்தெட்டு வயது. முப்பத்துநாலு வருடம் பள்ளியில் சமையலும் தையலும் சொல்லிக் கொடுத்தவள். வாரியம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மேயர் நியமிக்கிற மூன்று பேர், வருடத்துக்கு இரண்டு கூட்டம், காகிதத்தில் மட்டும் ஒரு நூலகம். நாங்கள் போனபோது முன்கூடத்தில் திறக்காத பெட்டி நின்றது. அவள் முகத்தில் வெயில் பட்ட சிவப்பு.

"வாடா லானி. ஷூவக் கழட்டிட்டு வா. ரோவீனா, உள்ள வாம்மா. தங்கச்சி வீட்டுக்கு ஃபுளோரிடா போய்ட்டு நேத்துதான் வந்தேன். எப்படிம்மா இருக்க?"

"இருக்கேன்," என்றேன். பாத்திரத்தை மேஜையில் வைத்தேன். வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். கம்பெனி வேலையில் கற்றது அது. பொருளை வை, முகத்தைப் பார்.

அந்த முகத்தில் பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது.

"அட! என் பாத்திரம்!" இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள். "என் கல்யாணத்துக்கு வந்ததும்மா இது. எங்க கிடைச்சுது? ஒடஞ்சு போச்சுன்னு இமோஜீன் சொன்னாளே?"

லானி பாத்திரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எப்ப சொன்னாங்க?" என்றேன்.

"மறுநாளே. ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னால வந்து வாங்கிட்டுப் போறேன்னு போன் பண்ணேன். வராதீங்க வில்மா, கை தவறி ஒடச்சுட்டேன்னு அழுதா. பாவம், நடுங்கற கை. நானும் விடுன்னுட்டேன்."

காலையிலிருந்து நான் தலைகீழாக யோசித்திருந்தேன். கொடுத்தவள் ஒளியவில்லை. பெயரை உரித்ததும், திரும்ப வராமல் தடுத்ததும் வாங்கியவள். வில்மா அந்த வீட்டுக்குள் மறுபடி வந்து ஹோமரோடு இரண்டு வார்த்தை பேசிவிடக் கூடாது என்று இமோஜீன் பயந்திருக்கிறாள்.

"டீச்சர், அன்னைக்கு சோறு மட்டும்தான் கொண்டு போனீங்களா?" லானி கேட்டான்.

"ஒரு காயிதமும்தான். பாய்ட் ஆம்ஸ்லர் குடுத்தான்." ஆம்ஸ்லர் நகரத்தின் மறுமேம்பாட்டு இயக்குநர். ஆற்றோரத் திட்டம் அவர் பெற்ற பிள்ளை மாதிரி. "எல்லாரும் போட்டாச்சு, ஹோமர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி, உங்களுக்கு அவங்க வீடு பழக்கமாச்சேன்னான். நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோட போக முடியுமா? அதான் நூடுல்ஸ் பண்ணேன்."

"ஹோமர் கையெழுத்து போட்டாரா?"

"அவன் எங்க போட்டான்? மாத்திரை போட்டுட்டு வாயப் பொளந்துட்டுத் தூங்கறான். கால் தலகாணி மேல. எழுப்ப வேணாம்னு இமோஜீன்தான் போட்டா. அவன் பேர அவதான் எப்பவும் போடுவா, செக்கு, ஸ்கூல் நோட்டீஸ் எல்லாம். இதுல என்ன?" என் முகத்தைப் பார்த்து அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "இதுல ஏதாவது தப்பா, ரோவீனா?"

நான் சொன்னேன். கீழ்த்தளத்தைப் பற்றி, பிப்ரவரியைப் பற்றி, நாளைக் காலை பத்து மணியைப் பற்றி. வில்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் படில நான் இறங்கி இருபது வருஷம் ஆச்சு. நல்லா இருக்கான்னு நான் கேக்கவே இல்ல." பாத்திரத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, "என்னக் கேட்டா பாத்தத சொல்லுவேன். ஹோமர் படுக்கைல இருந்தான்னும் சொல்லுவேன். அவ போட்டான்னும் சொல்லுவேன். ஒண்ண விட்டுட்டு ஒண்ணு சொல்ல எனக்குத் தெரியாது."

வெளியே வந்ததும் லானி காரின் மேல் சாய்ந்துகொண்டான். "கேஸ் முடிஞ்சுது பாஸ். ஏன் ஜெயிச்ச மாதிரியே இல்ல?"

நாங்கள் திரும்பிப் போனபோது இமோஜீன் தனியாக இருந்தாள். ஹோமர் முட்டிக்குப் பயிற்சி எடுக்கப் போயிருந்தார். என் கையில் பாத்திரம் இல்லாததைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கேட்டு வாங்கிட்டாங்களா?"

"சந்தோஷமா."

"ஒடச்சுப் போட்டிருக்கணும்." நடைவண்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். "ரெண்டு தடவ குப்பைத் தொட்டி வரைக்கும் கொண்டு போனேன். அடுத்தவங்க பாத்திரம். மனசு வரல."

"ஏன் போட்டீங்க இமோஜீன்?"

"அவருக்கு லீவு பதிமூணோட முடிஞ்சுது. பதினாலு வேலைக்கு வரலைன்னா இன்ஷூரன்ஸ் அந்து போகும். என் மருந்து இருபதாந்தேதி. வில்மா வந்து, ஆம்ஸ்லர் சொன்னாருன்னு சொன்னாங்க, இதுல கையெழுத்து போட்டா அன்னைக்கு வேலைக்கு வந்ததா வச்சுக்குவாங்க, பயப்பட வேணாம்னு. கருணைன்னு நெனச்சேன்." அவள் என்னைப் பார்த்தாள். "அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு நான் படிக்கவே இல்லம்மா. அவரு வேலைக்கு வந்தாருங்கற ஒரு வரிதான் எனக்கு வேண்டியிருந்துச்சு."

அவளுக்காக நான் வருத்தப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. வருத்தம் எங்கே இருக்க வேண்டுமோ அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். காலியாக இருந்தது.

"உண்மையச் சொன்னா என்ன ஆகும்?" என்றாள்.

"அவரு வேலை தப்பிக்கும். லீவ நீட்டித் தர யூனியன் ஏற்பாடு பண்ணும், இன்ஷூரன்ஸும் தப்பிக்கும். பொய்க் கையெழுத்து உங்க மேல வரும். வழக்கு போடுவாங்க."

"நாளைக்கு நானே வர்றேன். லானி தம்பி வண்டியில கூட்டிட்டுப் போகட்டும். அதுவரைக்கும் ஹோமருக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா, நான்தான் போட்டேன்னு நிப்பாரு."

மறுநாள் பத்து மணிக்கு நூலகத்தின் மேல்தளத்தில் நீள மேஜை போட்டிருந்தார்கள். நூலகக் குழு ஐந்து பேர். தலைவர் ஒரு பல் மருத்துவர். நகராட்சி வக்கீல் ஒரு பக்கம். முன்வரிசையில் ஆம்ஸ்லர், மடித்த கோட்டை மடியில் வைத்துக்கொண்டு. ஹோமர் தனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலர் பட்டன் வரைக்கும் போட்டிருந்தார்.

வக்கீல் காகிதத்தைக் காட்டினார். "இது உங்க கையெழுத்தா?"

"என்னுதுதான்."

"பதினாலாம் தேதி வேலைக்கு வந்தீங்களா?"

"வந்தேன்," என்றார் ஹோமர்.

எங்களிடம் ஞாபகம் இல்லை என்றவர், இங்கே வந்தேன் என்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கையெழுத்தை முதல் தடவை பார்த்த நொடியிலேயே அது யார் கை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவருக்குத் தெரியாமலா போகும்? மருந்துக் காப்பீடு போனாலும் சரி, வேலையைக் கொடுத்து மனைவியை வழக்கிலிருந்து காப்பாற்ற அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். நாங்கள்தான் நடுவில் புகுந்து குட்டையைக் குழப்பியிருக்கிறோம்.

கதவு திறந்தது. லானி பிடித்துக்கொள்ள இமோஜீன் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னால் வில்மா ஷ்ரேடர். மேஜைவரை வர இமோஜீனுக்கு நிறைய நேரம் ஆனது.

"இமோஜீன், வீட்டுக்குப் போ," என்றார் ஹோமர்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. தலைவரிடம் ஒரு பேனா கேட்டாள். ஒரு வெற்றுத் தாளில் கணவனின் பெயரை எழுதினாள். கை நடுங்கியது, எழுத்து நடுங்கவில்லை. உருண்டை உருண்டையாக அதே எழுத்து. தலைவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வக்கீலிடம் தள்ளினார். வக்கீல் ஆம்ஸ்லரைப் பார்த்தார். ஆம்ஸ்லர் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார், போகும்போதே போனைக் காதில் வைத்தார். வில்மா யாரும் கேட்காமலே முன்னால் வந்து, தான் பார்த்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள், ஒன்றையும் விடாமல்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஹோமர் அன்னைக்கு வேலைல இல்ல. அப்படீன்னா வேலைநீக்கத் தீர்மானத்துக்கு இடமில்ல. அத எடுத்துடறேன்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மிஸஸ் ப்ளெட்சோ, உங்க விஷயம் இந்தக் குழுவோட கைல இல்ல. போலீஸுக்கு எழுதித்தான் ஆகணும். மன்னிச்சுக்கங்க."

"தெரியும்," என்றாள் இமோஜீன்.

"நில்லுங்க." ஹோமர் கைத்தடி இல்லாமல் எழுந்துவிட்டார். "அது நான் போட்டது. பேனாவக் குடுங்க."

மேஜைமேல் குனிந்து தன் பெயரை எழுதினார். கோணலாக, குச்சி குச்சியாக வந்தது. அதை அடித்தார். சான்றிதழை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி எழுதினார். இந்தத் தடவை எழுத்தை உருட்டப் பார்த்தார். வளைவு பாதியில் உடைந்தது. அடித்தார். மூன்றாவதாக எழுதினார். நுனி நாக்கு உதட்டோரம் வெளியே வந்திருந்தது.

வக்கீல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லானி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். நவம்பருக்குப் பிறகு முதல் தடவையாக எனக்கு வலித்தது, நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"போதும் ஹோமர்," என்றாள் இமோஜீன்.

"இரு," என்றார் அவர், தலை நிமிராமல். "வந்துரும்." இன்னொரு தாளை இழுத்துக்கொண்டார்.